ரோட்டில் நட்ட மரச்சீனி

உலகம்மை மெம்பரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. குற்றம் அந்த அம்மாளுடையது அல்ல. அவர் வார்டுக்குப் போகிற ரோடு அப்படி.

நான் பட்டணத்துக்குள்ளே ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்தவன். வடாம் காயவைக்க மொட்டைமாடி ஏறியதுதான் அதுவரை நான் ஏறிய பெரிய உயரம். அப்பேர்ப்பட்டவனைத் தொண்ணூற்றேழில் வித்துராவுக்கும் மேலே ஒரு மலைப் பஞ்சாயத்துக்கு கிளார்க்காகத் தூக்கிப் போட்டார்கள். இனிமேல் ஜனங்களே திட்டம் போடுவார்கள் என்று சர்க்கார் அறிவித்திருந்த காலம் அது. திட்டம் போடுவது ஜனங்கள், எழுதித் தொலைப்பது அழகியநம்பியாகிய நான்.

உலகம்மை தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். முப்பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் யூனியன்காரர்கள் அவரை நிறுத்தினார்கள். பேசாத பொம்பளை, காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று கணக்கு. பாவம்! பஞ்சாயத்தின் முதல் கமிட்டியில் அவர் பேசி முடித்தபோது பிரசிடெண்டின் சாயா ஆறி ஏடு படிந்திருந்தது. பேசியது முழுக்க ஒரே விஷயம், ரோடு.

மெயின் ரோட்டிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறுகிற வழி அது. ரோடு என்று சொல்வது மரியாதைக்காக. குழிகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் ரோடு இருந்தது. வளைவைத் தாண்டி ஒரு ஜீப்காரனும் வரமாட்டான். உலகம்மையின் மகள் ஷிஜாவை முதல் பிரசவத்துக்கு நாற்காலியில் கட்டித்தான் தூக்கி இறக்கினார்கள். பாதி வழியிலேயே பிறந்துவிட்டது. பிள்ளை தங்கவில்லை. இப்போது ஷிஜா மறுபடி முழுகாமல் இருந்தாள், சித்திரை விஷு கழிந்ததும் நாள். அதற்குள் லயத்து வாசலுக்கு ஜீப் வரவேண்டும். உலகம்மைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் ரோட்டுக்குச் சொந்தக்காரன் வேண்டுமே! எஸ்டேட்டைக் கேட்டால் அது காட்டிலாகா ரோடு என்றார்கள். காட்டிலாகா பஞ்சாயத்தைக் காட்டியது. பஞ்சாயத்தில் நான், நம்முடைய ரிஜிஸ்டரில் அப்படி ஒரு ரோடே இல்லை என்பேன்.

"சாரே, குழியில விழுந்து ஒடியுற காலு ஆருக்குள்ளதுன்னு தெரியுதல்லோ. ரோடு மட்டும் ஆருக்குள்ளதுன்னு தெரியாதா?"

"மெம்பரே, என் பிராணனை வாங்காதேங்கோ. அடுத்தவன் பூமியிலே பஞ்சாயத்துப் பணத்தைக் கொட்டினா ஆடிட்காரன் என் பென்ஷன்லன்னா பிடிப்பான்!"

வாரா வாரம் இதே கச்சேரி.

பிப்ரவரியில் கிராமசபை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் லயம் முழுக்க வித்துரா சந்தைக்கு இறங்கிவிடும். அதனால் வேலைநாள் சாயங்காலம், கொழுந்து எடை போட்டபிறகு என்று வைத்தார் உலகம்மை. எடைக்களத்தில் கூட்டம் போட எஸ்டேட் கம்பெனி விடவில்லை. சரி, ரோட்டிலேயே கூடுவோம் என்றுவிட்டார். எஸ்டேட் சார்பில் அசிஸ்டெண்ட் மானேஜர் சுனில், காட்டிலாகா சார்பில் கார்டு தங்கையன், இரண்டு கொண்டைஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு நான். ஜனங்கள் குழிகளின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

எடைக்களத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாக்கோ கத்தியோ கேட்பாரில்லாமல் கிடந்தால் கங்காணி அதைத் தூக்கிப்பிடித்து மூன்று தரம் கூப்பிடுவார். ஒருவரும் வரவில்லையென்றால் முதலில் தொட்டவருக்கு அது சொந்தம். அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

உலகம்மை எழுந்தார். "இந்த ரோடு ஆருக்குள்ளது?"

"கம்பெனிக்கு இல்ல, சேச்சி" என்றான் சுனில்.

"இந்த ரோடு ஆருக்குள்ளது?"

"வனத்துக்குள்ளது இல்ல" என்றார் தங்கையன்.

மூன்றாம் தரம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பஞ்சாயத்துக்கும் இல்லை" என்றேன். எங்கள் மூவருக்கும் அப்படி ஒரு நிம்மதி!

"எல்லாரும் கேட்டீங்கல்லோ? அப்போ தொட்டவங்களுக்கு" என்று குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார்.

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் ரோட்டில் விழுந்தது. தலைமுறை தலைமுறையாகக் கம்பெனி பூமியில் பிறந்து கம்பெனி பூமியில் செத்தவர்கள், ஒரு சாண் மண் சொந்தமில்லாதவர்கள். கொழுந்து மட்டம் பார்க்கிற கோலால் அளந்து வீட்டுக்கு ஒரு துண்டு பிரித்தார்கள். நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்து இறங்கி வந்தேன். உலகம்மை திட்டம் போட்டுச் செய்தாரா, மனசார நம்பித்தான் செய்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "மூணு தரம் கூப்பிட்டேனே சாரே" என்பார்.

அடுத்தமுறை போனால் ரோடு முழுக்க விவசாயம்! மேட்டில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கம்பு, பள்ளத்தில் வாழை, தண்ணீர் தேங்கிய குழியில் சேம்பு. ஒருவர் வேலியே கட்டியிருந்தார். லயத்துப் பார்வதியம்மாளும் பக்கத்துத் துண்டுக்காரரும் எல்லைக்கல்லுக்காக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மானேஜரின் ஜீப் வளைவுக்குக் கீழேயே ஒரு வாழைக்கு முன்னால் வந்து நின்றதும் சண்டை பற்றிக்கொண்டது. "ஆரைக் கேட்டு நட்டீங்க? இது கம்பெனி ரோடு!" என்று குதித்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கையன், "ரிசர்வ் காட்டுக்குள்ள கம்பெனி ரோடா?" என்று மடக்கினார். விஷயம் கேட்டுப் பிரசிடெண்ட் என்னையும் இழுத்துக்கொண்டு மூச்சுவாங்க வந்தார். கம்பெனிக்கு விட்டால் வார்டு ஓட்டு போச்சு என்ற பயம் அவருக்கு. "இது நம்ம பஞ்சாயத்து ரோடு! எழுதுடோ ரிஜிஸ்டரில!" என்றார். நாதியில்லாமல் கிடந்த ரோட்டுக்கு ஒரே காலையில் மூன்று தகப்பன்மார்!

உலகம்மை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சண்டை போடாதீங்க. ஜெயிக்கிறவங்க குழியை மூடுங்க."

ஜெயித்தது பிரசிடெண்ட். விஷுவுக்கு முன்பே ஜல்லி வந்து இறங்கியது. ஜனங்கள் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. ஆளாளுக்குத் தங்கள் துண்டில் நட்டதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பார்வதியம்மாள் ஒரு மரச்சீனிக் கம்பைத் தூக்கி அடியைக் காட்டினாள். "வேரு பிடிச்சிட்டுது சாரே."

ஷிஜாவுக்குப் பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வலி எடுத்த அன்று ரோட்டு வேலையை அளந்து எழுத நான் லயத்தில்தான் இருந்தேன். அவளைக் கொண்டுபோக வாசலுக்கு வந்த ஜீப்பிலேயே என்னையும் ஏற்றிவிட்டார்கள். பின்சீட்டில் ஷிஜா அலறுகிறாள், முன்சீட்டில் நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். டிரைவர் புது ஜல்லியில் பறக்கிறான். வளைவு வந்ததும் உலகம்மை அவன் தோளைத் தட்டினார்.

"மெதுவா விடுடே. இது என் பூமி."

டிரைவர் சிரித்தான். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். மகளின் கையைப் பிடித்தபடி அவர் வெளியே எட்டித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. ஜீப் ஊர்ந்தது. அவருடைய துண்டு எங்கே முடியும் என்று அவருக்குத்தான் தெரியும்.

"உம், கழிஞ்சுது. இனி வேகமா விடு" என்றார்.