கம்பத்தில் கட்டி அடித்த மாலை

அன்பான சகோதர சகோதரிகளே, என் இடது காது இப்போது கேட்பதில்லை. அது கேட்காமல் போன நாளில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் இருதயராஜ். பெசன்ட் நகரில் இருக்கிறேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக். போன தவக்காலத்தில் ஒரு சாயங்காலம், மயிலாப்பூரில் ஒரு வீட்டில் வேலை முடித்துத் தெருவில் இறங்கினேன். "அவன்தான், புடி" என்று யாரோ கத்தினார்கள். திரும்புவதற்குள் பின்மண்டையில் அடி விழுந்தது. ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனும் என்னைப் போல நீலச் சட்டை போட்டிருந்தானாம்.

"நான் இல்லீங்க. ரிப்பேருக்கு வந்தேன்."

"பையில இன்னா கீது பாரு."

ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் இருந்தன. அதுவே சாட்சியாகிவிட்டது. கேபிள் ஒயரால் லைட் கம்பத்தில் கட்டினார்கள். ஹெல்மெட்டால் வாயில் அடித்தார்கள், பல் தெறித்தது. என் ஸ்பேனராலேயே விலாவில் குத்தினார்கள். காதில் இரும்புக் கம்பி பட்டு, ரத்தம் சூடாகக் கழுத்தில் இறங்கியது. சுற்றிலும் செல்போன்கள்.

மேலே இருக்கும் கடவுளுக்கு இந்த வலி எப்படித் தெரியும் என்று மனம் கசந்தது. முந்தின ஞாயிறு கோயிலில் மறைக்கல்வி வகுப்பில் எங்கள் பங்குச் சாமியாரிடம் இதைப் பற்றித்தான் கேட்டிருந்தேன். "சிலுவையில அடிபட்டது இயேசுவோட மனுஷ பாதிதானே ஃபாதர்?"

"பாதி பாதியா பிரிக்காதீங்க ராஜ். முழு மனுஷன், முழு கடவுள், ஆனா ஒரே ஆள். வலி மனுஷ உடம்புலதான். அந்த உடம்பு கடவுளோடது."

அன்று தலையாட்டிவிட்டு வந்தேன். கம்பத்தில்தான் புரிந்தது. கட்டிவைத்து அடிக்கப்பட்டவரும், என்னைக் காப்பாற்ற வல்லவரும் ஒருவரே. அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. "ஆண்டவரே, உமக்குத் தெரியும். வாரும்" என்று சொல்ல வாய் திறந்தேன். வாயில் ரத்தம்தான் வந்தது.

அடுத்த அடி என்மேல் விழவில்லை. சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாவே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, கைகளை விரித்து எனக்கு முன்னால் நின்றார். கம்பி அவர் தோளில் இறங்கியது.

"இவர் இல்லைன்னு கத்திண்டே வரேன். அடிக்கணும்னா என்னை அடிங்கோ."

கூட்டம் ஓய்ந்தது. அவரே கட்டை அவிழ்த்தார். ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் என் தலையைத் தன் புடவைத் தலைப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு நம் ஆண்டவரைத் தெரியாது. ஆண்டவருக்கு அவரைத் தெரிந்திருந்தது.

பிறகு, அடித்தவர்களில் ஒருவனைப் போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் காட்டினேன். அவனை அடிக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டேன். கடவுள் தமதாக்கிக்கொண்ட அதே மனித உடம்புதான் அவனுக்கும். யார்மேல் அடி விழுந்தாலும் இப்போது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

வேதனையில் இருப்பவர்களே, வார்த்தை வராவிட்டாலும் அவரைக் கூப்பிடுங்கள். அவருக்கு வலி தெரியும். காப்பாற்றவும் தெரியும்.