கூழாங்கல் கரையில் கார்ப்பெட்

பிரைட்டன் கடற்கரையில் மணல் இல்லை என்று எங்கள் சொந்தத்தில் ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் போய் வந்த இடம்தான். கேட்டால் "நல்ல பீச்" என்பார்கள், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தாருக்குக் கடற்கரை என்றால் மணல். அதைப் போய் யாராவது விசாரிப்பார்களா?

போன வருடம் ஆடி அமாவாசைக்கு என் கணவரின் அண்ணனைச் சக்கர நாற்காலியோடு இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற இடத்திலிருந்து அங்கே கூட்டிக்கொண்டு போனோம். அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவர் பிரான்சில் விசா இல்லாமல் இருந்த காலத்தில் அவர்களுடைய அப்பா ஊரில் இறந்துபோனார். போக வழியில்லை. அதன்பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் கடலில் இறங்கி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார். பக்கவாதம் வந்து நடக்க முடியாமல் போனபின் அதுதான் முதல் தடவை. கூழாங்கல்லில் சக்கரம் புதைந்தது. தள்ளத் தள்ள இன்னும் புதைந்தது. கடைசியில் என் கணவர் ஒரு போத்தலில் கடல் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார். பெரியத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போத்தல் தண்ணியெண்டா வீட்டு பைப்பிலயே செய்திருப்பனே. அப்புவுக்குக் கொள்ளி வைக்கத்தான் குடுத்து வைக்கேல்ல. இதையாவது கடலுக்குள்ள இருந்து செய்யவேணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே எரிச்சல். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பனிக்காலத்தில் ஒருநாள் உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். டிவியில் இரண்டாம் உலகப்போர் பற்றிய நிகழ்ச்சி ஓடியது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் போய் பிரான்சின் தியெப் கரையில் இறங்கித் தோற்றுப்போன கதை. டாங்கிகள் கூழாங்கல்லில் மாட்டி, சங்கிலி அறுந்து நின்றன. "ஐயோ, இது எங்கட கதையெல்லோ!" என்று கத்திவிட்டேன். அடுத்து, கரையில் விழுந்து கிடந்த பெடியன்களைக் காட்டினார்கள். கனடாவிலிருந்து வந்த பிள்ளைகளாம். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் எனக்கு விடுப்பு கூட, எதையும் துருவிப் பார்க்காமல் விடமாட்டேன். அவ்வளவு பெரிய தளபதிமார் காலடியில் கிடக்கும் கல்லை எப்படி யோசிக்காமல் விட்டார்கள்? லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் படித்தேன். தோற்ற பிறகுதான் கரையைப் பற்றி உண்மையாகவே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். விடுமுறைக்குப் போன சனங்களிடம் கடற்கரைப் படங்களைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பிறகு, பாயைச் சுருட்டிச் சுமந்து போய், தனக்கு முன்னால் தானே விரித்து அதன்மேல் ஏறிப்போகும் டாங்கி ஒன்றையும் செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு என் கணவரைப் பார்த்தேன். அவருக்குத் தொழிலே கார்ப்பெட் போடுவதுதான்.

"இஞ்சேருங்கோ, உங்கட வேலை வானுக்குள்ள பழைய கார்ப்பெட் ஏதும் கிடக்கோ?"

விசயத்தைச் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? கடலுக்குக் கார்ப்பெட் போடுறதோ?"

"விசர்தான். வெள்ளைக்காரனும் போட்டவன்."

குடும்ப வாட்ஸப்பில் பிரைட்டன் படம் இருந்தால் அனுப்பச் சொன்னேன். வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் முகம், முகம், முகம். மீதி இடத்தில் சாப்பிடக் கொண்டுபோன ரோல்ஸ். எங்கள் ஆட்கள் கடலுக்குப் போய்க் கடலையே படம் எடுப்பதில்லை, பிறகெங்கே தரையை எடுப்பது! நல்லகாலம், குட்மேய்ஸில் இருக்கும் மச்சாள் கைதவறி அமத்திய படம் ஒன்று இருந்தது. அதில் ஆட்களே இல்லை. தண்ணீர்வரை இறங்கும் கல்லும், பாதித்தூரம் போகும் சீமெந்துச் சரிவும் தெளிவாகத் தெரிந்தன.

இந்த ஆடி அமாவாசைக்கு அந்தச் சரிவிலிருந்து தொடங்கினோம். விறைப்பான இரண்டு கார்ப்பெட் துண்டுகளை வெட்டி வந்திருந்தார் என் கணவர். ஒன்றை விரித்து, நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்து, அடுத்ததை விரித்து, முதல் துண்டை உருவி மறுபடியும் முன்னால் போட்டோம். நாயோடு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நின்று, ராஜா வருகிறாரா என்று கேட்டார்.

"ஓம், வாறார்" என்று தமிழிலேயே சொன்னேன்.

தண்ணீருக்குள் போனதும் நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பினோம். அலை பெரியத்தானின் முழங்கால்வரை வந்தது. விளங்காத வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்து, அந்தக் கையாலேயே எள்ளையும் தண்ணீரையும் விட்டார். உதவப் போன தம்பியைத் தலையாட்டி விலக்கினார்.

அப்போதுதான் பார்த்தேன், கார்ப்பெட் ஊறி இரும்பாய்க் கனக்கிறது. தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தது. போய்ச் சேருவதைத்தான் இவ்வளவு நாளும் யோசித்தேனே தவிர, திரும்பி வருவதை யோசிக்கவே இல்லை. தியெப் கரையிலும் திரும்பக் கப்பலேறும்போது எத்தனை பேர் செத்துப்போனார்கள் என்று படித்தும் எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்!

"பெரியத்தான், கெதியா வெளிக்கிடுவம்! பிறகு இழுக்க ஏலாது!"

அவர் கடலைப் பார்த்தபடியே இருந்தார்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. நான் வருவன் வருவனெண்டு அப்பு எவ்வளவு காலம் பொறுத்தவர்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி நின்றேன்.