மைக்கேல் தந்த தொப்பி

போன சனிக்கிழமை லண்டன் வால்தம்ஸ்டோ சந்தையில் தியாகு அண்ணையைக் கண்டேன். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தலையில் ஒரு ட்வீட் தொப்பி! தடித்த கம்பளித் துணி, முன்னால் சின்னதாய் ஒரு விளிம்பு... வெள்ளைக்காரக் கிழவர்கள் பப்புக்குப் போட்டுக்கொண்டு போவார்களே — அதேதான்.

என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன அண்ணை, இங்கிலிஷ்காரனாவே மாறிட்டியளோ?"

அவர் சிரிக்கவில்லை. "இது ஐரிஷ் தொப்பி தம்பி. மைக்கேலின்ரை."

பக்கத்துக் கஃபேயில் உட்கார்ந்து சொன்னார்.

மைக்கேலும் அவரும் ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் லோண்டரியில் ஒரே ஷிப்ட். அண்ணையின் ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். மைக்கேலின் ஆங்கிலமோ ஆங்கிலேயருக்கே விளங்காது! எப்படியோ ஒத்துப்போயிற்று. லண்டனில் எங்காவது ஐரிஷ் போராளிகள் வைத்த குண்டு வெடித்தால், அந்த வாரம் முழுக்க மைக்கேல் பஸ்ஸில் வாய் திறக்க மாட்டாராம். பேசினால் ஐரிஷ்காரர் என்று தெரிந்துவிடுமே. அண்ணைக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை — கொழும்பில் அவரும் வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் போனவர்தான்.

போன வருடம் மைக்கேலுக்குப் புற்றுநோய். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. அயர்லாந்திலிருந்து அக்கா நோரா இந்தத் தொப்பியை அனுப்பினார். அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டுத் தறியில் நெய்த துணி. கிட்டப் பார்த்தால் சாம்பல் நிறத்துக்குள் பச்சையும் மஞ்சளுமாய்ப் பொட்டுப் பொட்டாய்த் தெரியும். எங்கள் மலையும் இந்த நிறம்தான் என்பாராம் மைக்கேல். வார்டில் தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

ஒரு மாலை, பார்க்கப் போன அண்ணையின் தலையில் அதைக் கழற்றி வைத்திருக்கிறார்.

"'நான் ஊருக்குப் போறன், லண்டன் குளிர் இனி உனக்குத்தான்' எண்டான். நான் ஒரு விசரன் தம்பி... சுகமாகி வீட்டை போகப்போறான் எண்டு சந்தோஷப்பட்டன்."

அடுத்த நாள் போனபோது கட்டில் காலி.

உடலை ஊருக்கு அனுப்புமுன் இங்கே சர்ச்சில் பூசை நடந்தது. பெட்டி தூக்க ஓர் ஆள் குறைந்தது. கடைசி வரிசையில் நின்ற அண்ணையை, அயர்லாந்திலிருந்து வந்திருந்த நோரா கைகாட்டி அழைத்தார். மற்றவர்கள் எல்லாரும் நல்ல உயரம்.

"எனக்குத் தோள் எட்டேல்லை தம்பி. வாசல் வரைக்கும் கையை உயர்த்தித் தாங்கிக்கொண்டு போனன்."

அடக்கத்துக்கும் வரச் சொல்லி நோரா கூப்பிட்டாராம். எப்படிப் போவது? அண்ணையின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. பெட்டியை ஏற்றிய வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்திட்டான்..." என்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாங்கள் செத்தா எங்களை யாழ்ப்பாணம் கொண்டு போவினமே தம்பி?"

அங்கே சண்டை. பாதையெல்லாம் மூடிக்கிடக்கிறது. அது அவருக்கும் தெரியும்.

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன்... அவருக்கு இன்னொரு தேநீர் வாங்கிக் கொடுக்கத்தான் முடிந்தது.