தொண்ணூற்றேழு டிகிரி

லலிதா டீச்சர் காலமான செய்தியை, அவரிடம் படித்த செல்விதான் ஸ்ரீவராகத்தில் உள்ள என் வீட்டுக்குப் போன் செய்து சொன்னாள். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏதாவது விட்டுப்போகுமோ என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. டீச்சர் லேப் நடத்திய விதம்.
2. செய்முறைத் தேர்வு நாள்.
3. அவருக்கு யாருடைய துணையும் தேவைப்பட்டதில்லை என்பது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஒரே பள்ளியில் ஆளுக்கொரு பிரிவுக்கு வேதியியல் நடத்தினோம். என் மாணவர்கள் முந்தைய வருட நோட்டைப் பார்த்து ரெக்கார்டை அழகாக எழுதுவார்கள். அப்படிச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். டீச்சரின் பிள்ளைகளோ, சோதனை நடக்கும்போதே பேனாவால் நேராக நோட்டில் எழுத வேண்டும். தப்பானால் ஒற்றைக் கோடு. ரப்பரைக் கண்டால் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவார்.

"மார்க் போயிடும் டீச்சர்" என்றேன்.

"வரவேண்டியது புக்கிலயே இருக்கு சார். வந்ததை எழுதத்தானே நோட்டு?"

வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வு எழுத முடியும். அந்த வருடம் வந்த மலையாளி, செல்வியின் நோட்டைப் புரட்டினார்.

"எந்தா டீச்சரே, முழுக்க வெட்டும் திருத்துமா கிடக்கு? தண்ணி நூறுல அல்லே கொதிக்கணும்? இந்தக் குட்டி தொண்ணூத்தேழுன்னு எழுதியிருக்கு. சாரோட பிள்ளைங்க எல்லாரும் நூறு அல்லே?"

டீச்சரின் பிரிவு நோட்டுகள் முழுவதையும் அவர் கையெழுத்துப் போடாமல் ஒதுக்கி வைத்தார். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் வாதாடவில்லை. இரு பிரிவுக்கும் பொதுவாக, உடையாமல் மிஞ்சியிருந்த ஒரே தெர்மாமீட்டரை எடுத்துவந்து பீக்கரில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நான் பார்த்துச் சொன்னா என் பிள்ளைங்களுக்காகச் சொல்றேன்னு ஆகும். நீங்க பாருங்க சார்."

உள்ளதைச் சொன்னால் என் வகுப்பின் நோட்டுகள் பொய்யாகிவிடும். குனிந்து பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

"தொண்ணூத்தேழு."

தேர்வாளர் தானும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்போ கள்ளம் சொல்றது தெர்மாமீட்டரு. குட்டியில்ல."

ஒதுக்கிய நோட்டுகள் அனைத்திலும் கையெழுத்து விழுந்தது. வராந்தாவில் பிள்ளைகள் தட்டிய கைதட்டல் தலைமையாசிரியர் அறைவரை கேட்டது. என் வகுப்பினரை மறுபடி அளக்கச் சொன்னார் தேர்வாளர். அவர்கள் நூறின் மேல் ஒரு கோடு போட்டுத் தொண்ணூற்றேழு என்று எழுதினார்கள். அவற்றிலும் கையெழுத்து கிடைத்தது. என் பணிக்காலத்தில் அவ்வளவு நல்ல நோட்டுகளை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"ஜெயிச்சிட்டோம் சார்" என்றார் டீச்சர்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அன்று அவருக்குத் துணை தேவைப்பட்டது. அத்தனை பேர் நின்ற அறையில் பயந்தாங்கொள்ளியான என்னைத்தான் நம்பிக் கூப்பிட்டார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நம்பிக்கை.