முறைத் தண்ணீருக்குள் ஒரு பரீட்சை

உள்ளறையில் தாள் கிழிகிற சத்தம் கேட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த சுமையா எழுந்து ஓடினாள். அவள் தோழி சுடர்விழி, தினம் பத்து மணி நேரம் என்று எழுதி ஒட்டியிருந்த படிப்பு அட்டவணையைக் கிழித்துக் கொண்டிருந்தாள்.

"மூணு வாரத்துல நாலு நாள்கூட இதுபடி படிக்கலடி. குரூப் ஃபோர் பரீட்சையே வேண்டாம், விட்டுடறேன்."

நன்னிலம் அருகே சுடர்விழி வீட்டுக்கு நாலு மா நிலத்தில் குறுவை நெல். அப்பா இறந்தபின் வயல் அவள் பொறுப்பு; தண்ணீர் வரும் நாளெல்லாம் பாய்ச்சுவதற்கு வயலில்தான் நிற்க வேண்டும்.

"வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டாள் சுமையா.

"முறை வச்சுத்தான். ஆறு நாள் வரும், ஆறு நாள் வராது."

"அதை விட்டுட்டு ஹாஸ்டல் பொண்ணு மாதிரி அட்டவணை போட்டிருக்கீங்களே, கலெக்டரம்மா!"

சுமையா காலண்டரை எடுத்தாள். தண்ணீர் வரும் நாட்களுக்கு அரை மணி, வராத நாட்களுக்கு மூன்று மணி என்று குறித்தாள்.

சுடர்விழி கூட்டிப் பார்த்தாள். "பொது அறிவு முழுசா முடியாது. தமிழும் கணக்கும் முடியும்."

"போன தடவை பரீட்சைக்கு இதுல ஒண்ணாவது முடிச்சியா?"

சுடர்விழிக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, "நாளைக்குத் தண்ணி வருது. இன்னிக்கு மூணு மணி நேரம் படிக்கணும், நீ கிளம்புடி" என்றாள்.

சுமையா சிரித்தபடி தெருவில் இறங்கினாள். சுடர்விழி கதவைச் சாத்தினாள்.