குளிரில் விளைந்த மஞ்சள்

இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்களில், பதுளையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இற்றுப்போன மரமொன்றில் ஒரு காளான் முளைக்கும். அதன் நொதியத்திலிருந்து (என்சைமிலிருந்து) முன்பாதி, ஆய்வுகூடப் பூஞ்சணத்தின் நொதியத்திலிருந்து பின்பாதி. இரண்டையும் மரபணுவில் ஒட்டி அந்தப் பூஞ்சணத்துக்குள்ளேயே வைத்தால், இரண்டுமே தனியாகச் செய்யாத புதிய இரசாயனச் சேர்வை ஒன்றை அது செய்ய வேண்டும். வேண்டும் என்று நானும் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். குடுவையில் வளர்ந்ததோ அதே பழைய வெள்ளைப் பூஞ்சணம்.

என் பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்படவே மாட்டார்; அதுதான் எனக்குக் கோபம். "பிள்ளை, இன்னும் ஒருக்காச் செய்து பாரும். சரிவராட்டி வேற தலைப்பு எடுப்பம்" என்றார், அமைதியாக.

வேறு தலைப்பு யாருக்கு வேண்டும்? அது எங்கள் மலைக் காளான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, தோசை மாவு அரைத்து என் கையில் கொடுத்தாள். "அடுப்போரமா வையிடி. இந்தக் குளிர்ல எங்க பொங்கும்?"

லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பானைக்குப் பழைய கம்பளியைச் சுற்றி அடுப்போரம் வைக்காவிட்டால் காலையில் தோசை கிடையாது. சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஆய்வுகூடத்திலும் நான் இதையேதானே செய்கிறேன்! வளர்வதற்கெல்லாம் சூடு வேண்டும் என்று குடுவைகளை இன்கியூபேட்டரில் வைத்து, சூடு போதுமா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பூஞ்சணத்துக்கு அது சுகம்தான். ஆனால் நொதியத்தின் முன்பாதி எங்கள் மலைக் குளிரில் பிறந்தது. நானும்தான். கொழும்பு வெயிலில் ஒரு நாள் இருந்தாலே எதற்கும் உதவாமல் சுருண்டு படுத்துவிடுகிறேன். அது மட்டும் சூட்டில் எப்படி வேலை செய்யும்?

திங்கட்கிழமை புதிய குடுவைகளை வெயிலே படாத ஜன்னலோரம் வைத்தேன். பூஞ்சணம் ஆமை வேகத்தில் வளர்ந்தது. பேராசிரியர் தினமும் வந்து பார்ப்பார்.

ஒரு காலையில் குடுவைச் சாறு மஞ்சளாக இருந்தது. கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதித்தோம். காளானிலும் இல்லாத, பூஞ்சணத்திலும் இல்லாத சேர்வை. "ஓம், புதுசுதான். இனித் தலைப்பு மாத்தத் தேவையில்லை" என்றார் பேராசிரியர், அதே அமைதியோடு. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றே பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"நம்ம மலக் காளானா? என்னா மருந்துடி அது?"

"மருந்தான்னே தெரியாதும்மா. இனித்தான் பாக்கணும்."

"பேரு?"

"இன்னும் வைக்கல."

"ஒண்ணுமே தெரியாம எதுக்குடி இப்படிச் சிரிக்கிற?"

சிரிப்பை அடக்க முடியாமல் மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டுபோய், கம்பளி சுற்றி, அடுப்போரம் வைத்தேன்.