கண்டக்டர் தங்கராசு ஏற்றிப்போன பருத்திமார்

குன்னம் கடைவீதியில் பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்தபோது சேதி வந்தது. கண்டக்டர் தங்கராசு போய்விட்டார். நுரை முகத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே நின்றவர்கள் எல்லோரும் என்னையே உற்றுப் பார்த்தார்கள். விஷயம் வெளியே வந்துவிட்டதோ என்று இரண்டடி பின்வாங்கினேன். பூக்காரம்மா, “மொகத்தத் தொடைங்கண்ணே” என்ற பிறகுதான் உயிர் வந்தது. தங்கராசு பஸ்ஸில் போய்வந்த உங்களுக்கெல்லாம் அந்த விஷயத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகக் கடலோரம் போகும் பஸ் அவருடையது. கடைசி நிறுத்தம் ஒரு மீனவக் குப்பம். ஒரு மாசி மாதம், பருத்தி எடுத்து முடிந்த காடுகளில் காய்ந்து நின்ற செடிக்குச்சிகளை, நம்ம பருத்திமாரை, கட்டுக் கட்டாகக் கேட்டு வாங்கி, பஸ் மேலே ஏற்ற ஆரம்பித்தார். கேட்டால், “கடலாமை கரையேறி முட்டை போடுதுண்ணே. நாயி தோண்டித் தின்னுடுது. சுத்தி வேலி கட்டணும்” என்பார்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் சந்தேகத்தில் எம்.ஏ. கடல் ஆமைக்குக் குன்னத்திலிருந்து வேலியா? அடுப்பெரிக்க விற்கிறான் என்று முடிவு கட்டினேன். அதற்குள் என் மகள் செல்வி எங்கள் வீட்டு மாரில் இரண்டு கட்டைத் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

“யாரக் கேட்டுக் குடுத்த?”

“ஆமையக் கேட்டுத்தாம்ப்பா.”

அன்று முதல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உளவு பார்த்தேன். எந்தத் தேதி, யார் வீட்டு மார், எத்தனை கட்டு, எல்லாம் குறித்தேன். எங்கள் வீட்டு இரண்டு கட்டை மட்டும் விட்டுவிட்டு, டிப்போவுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டேன்.

அவருக்கு மெமோ வந்தது. கூடவே என் கடிதாசியின் டைப் அடித்த நகல். வேலை போய்விடும் என்றார்கள். லக்கேஜ் சீட்டெல்லாம் அவர் தன் கைக்காசில் கிழித்திருந்தார். இருந்தாலும் மார் போன இடத்தைக் காட்டச் சொன்னார் விசாரணைக்கு வந்த அதிகாரி. மார் கொடுத்தவர்கள் சாட்சிக்குக் கிளம்பினார்கள். செல்வி என்னையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கடல் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

மணலில் நம்ம ஊரில் வெங்காயம் சேமிக்கும் பட்டறை மாதிரியே வட்ட வட்டமாக மாரை நட்டு, கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். காவலுக்குக் கம்போடு ஒரு மீனவப் பெண். “இந்த மாரு மூக்கக் கீறுனதுலேருந்து நாயி கிட்ட அண்டுறதில்லைங்க” என்றாள். ஒரு வேலிக்குள் மணல் அசைந்தது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள் முண்டியடித்து வந்தன. அதிகாரியே செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஆமைகளை ஆராய வந்திருந்த காலேஜ் சார், எந்த வேலி எந்தத் தேதியில் கட்டியது, மார் எந்த ஊர் என்று கேட்டார். யாருக்கும் நினைவில்லை. தங்கராசு பையிலிருந்து மெமோ நகலை எடுத்தார்.

“இதுல பக்காவா இருக்கு சார். எவரோ புண்ணியவாளன் ஒண்ணு விடாம எழுதியிருக்காரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார், விசாரணை அங்கேயே முடிந்தது. காலேஜ் சார் முழுவதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் மூச்சு விடப்போன நேரத்தில் தங்கராசு என் பக்கம் திரும்பினார்.

“ஒரே ஒரு வூடு விட்டுப்போச்சு சார். இந்த அண்ணன் வூட்டு ரெண்டு கட்டு. அதையும் சேத்துக்குங்க.”

ஊர் திரும்பும்போது எனக்கு ஜன்னலோர சீட்டைப் பிடித்துக் கொடுத்து, “டிக்கெட் வாங்காம கடலையே சுத்துற பிராணிண்ணே அது, நம்மகிட்ட கேக்குறது ரெண்டு கட்டு மாரு” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு மாசியிலும் பஸ்ஸை நிறுத்திக் கேட்பார்: “இந்த வருசமும் தேதி குறிக்கிறீங்களாண்ணே?” தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? அந்தச் சந்தேகம் என்னை இன்னும் விடவில்லை. ஆனால் குறித்தேன். எந்த வீடு, எத்தனை கட்டு என்று நான் எழுதிய நோட்டு இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

அன்று அவர் உடலுக்கு மாலை போடும்போது குனிந்து அவர் காதருகே போனேன். “அண்ணன் அழுவுறாரு பாரு” என்றார்கள் பின்னால். கேட்க வந்ததைக் கேட்காமலே நிமிர்ந்தேன்:

‘அந்தக் கடிதாசி யார் போட்டதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே கண்டக்டரே?’